நாயின் தட்டும் நம் கல்லீரலும்

கல்லீரலில் இருந்த பெரிய நீர்க்கட்டி அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டு, நோயாளி ஒருவர் வீடு திரும்பும் நாள் அது. ஆம்பூருக்கு அருகே உள்ள தோல் பதனிடும் ஆலையில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரிபவர் அவர். மருந்து வேளைகள், தையல் பிரிக்கும் நாள், எடை தூக்கக் கூடாத காலம் ஆகிய அனைத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்ட அவருடைய மனைவி, கதவருகே சென்றபின் தயங்கித் திரும்பினார்.

"டாக்டர், வீட்டுல ஒரு நாய் இருக்கு. ஒன்பது வருஷமா வளர்க்கிறோம். அதாலதான் இந்தக் கட்டி வந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடணுமா? பையன் ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல."

நாங்கள் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டோம்: "நாய்க்கு என்னம்மா சாப்பாடு போடறீங்க?"

"சோறுதான் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும் கறிக்கடையில நுரையீரல், ஈரல் துண்டெல்லாம் சும்மா குடுப்பாங்க. அதைப் பச்சையா போடுவோம். அப்படிப் போட்டாத்தான் அதுக்குப் பிடிக்கும்."

பிரச்சினையும் தீர்வும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருந்தன. நாய் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை என்றும், அதன் தட்டில் விழுவதுதான் மாற வேண்டும் என்றும் அவரிடம் கூறினோம்.

செல்லப்பிராணிக்கு எந்த உணவை வாங்குவது என்பது மருத்துவமனை இதழில் பேசத்தக்க பொருளா என்று வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். பிராணி உண்ணும் உணவு அதன் உடல்நலத்தை மட்டுமின்றி, அதே கூரையின் கீழ் வாழும் குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோரின் உடல்நலத்தையும் தீர்மானிக்கிறது. ஆகவே அந்த உணவை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பச்சை ஈரலிலிருந்து மனிதக் கல்லீரல் வரை

ஹைடேடிட் எனப்படும் நீர்க்கட்டி நோய்க்குக் காரணம் எக்கினோகாக்கஸ் என்ற மிகச் சிறிய நாடாப்புழு. முழு வளர்ச்சியடைந்த புழுவின் நீளம் சில மில்லிமீட்டர் மட்டுமே. அது நாயின் குடலில் வாழ்கிறது. ஆயிரக்கணக்கான புழுக்கள் இருந்தாலும் நாயிடம் நோயின் அறிகுறி எதுவும் தெரியாது. புழுவின் முட்டைகள் நாயின் மலத்தில் வெளியேறி, மண்ணிலும் புல்லிலும் காய்கறிகளிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. மேயும் ஆடு அம்முட்டைகளை விழுங்கினால் அதன் ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த கட்டிகள் உருவாகின்றன. கட்டி உள்ள அந்த உறுப்பை நாய் பச்சையாக உண்ணும்போது, கட்டிக்குள் இருக்கும் கருப்புழுக்கள் நாயின் குடலில் மீண்டும் நாடாப்புழுக்களாக வளர்கின்றன. இச்சுழற்சி இவ்வாறே தொடர்கிறது.

இதற்கிடையே, கைகளை நன்கு கழுவாமல் உண்ணும் மனிதரின் வாய்க்குள் அம்முட்டைகள் போய்ச் சேர்ந்தால், ஆட்டுக்கு நேர்வதுதான் அவருக்கும் நேர்கிறது. கட்டி பெரும்பாலும் கல்லீரலிலும், அடுத்தபடியாக நுரையீரலிலும் தோன்றுகிறது. அது பல ஆண்டுகள் ஓசையின்றி வளர்கிறது. திடீரென உடைந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம். ஒரு மனிதரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றாது. நாயின் குடலுக்குள் புழு புகும் வழியை அடைத்துவிட்டால் சுழற்சி அறுந்துவிடும்.

மேற்கூறிய நோயாளிக்குக் கட்டி வந்தது அவர் வளர்த்த நாயால்தான் என்று எங்களால் உறுதிகூற இயலாது. தெருநாய்களும் உண்டு, சரியாகக் கழுவப்படாத கீரையும் உண்டு, கட்டியின் வயதோ பல ஆண்டுகள். ஆனால் பச்சை ஈரல் உண்ணும் நாய் வீட்டில் இருக்கும்வரை, அந்தச் சிறுவனுக்கும் அதே ஆபத்து இருந்துவருகிறது என்பதில் ஐயமில்லை.

இதனைத் தடுத்துக் காட்டிய நாடுகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து மக்கள் இந்நோயால் பெரிதும் அவதியுற்றனர். 1863இல் ஹரால்ட் கிராபே என்ற டென்மார்க் அறிஞர் அங்குச் சென்று நாய்களின் குடலை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில் அவர் எழுதிய சிறுநூல் மக்களிடையே இலவசமாக வழங்கப்பட்டது. ஆட்டின் கழிவு உறுப்புகளை நாய்க்கு எட்டாதவாறு புதைக்கவோ எரிக்கவோ வேண்டும் என்பதே அதன் சாரம். இன்று நம்மிடம் உள்ள மருந்துகள் எவையும் அக்காலத்தில் இல்லை. இருந்தும், நாயின் உணவு மாறியதால் நோய் அந்நாட்டை விட்டு நீங்கியது. நியூசிலாந்து 1959இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 2002இல் நோய் நீங்கியதாகத் தற்காலிகமாக அறிவித்தது. கடையில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு துண்டு ஈரல் எவ்வளவு விலையுள்ளது என்பதை இவ்வரலாறுகள் உணர்த்துகின்றன.

வாங்குவது யாருடைய கண்?

அவ்வாறாயின் கடையில் விற்கும் உணவை வாங்கிவிடலாம் என்று பலரும் முடிவெடுக்கின்றனர். அது நல்ல முடிவே. உயர் வெப்பத்தில் வேகவைத்துத் தயாரிக்கப்படும் உலர் உணவின் வழியே நாடாப்புழு பரவாது. ஆனால் கடை அலமாரியின் முன் நிற்கும்போது நாம் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம்?

நாய்க்கென விற்கப்பட்ட முதல் பிஸ்கட்டை 1860ஆம் ஆண்டையொட்டி இலண்டனில் அறிமுகப்படுத்தியவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். அன்று முதல் இன்று வரை இவ்வணிகத்தில் ஓர் உண்மை மாறவில்லை: உண்பது நாய், வாங்குவது மனிதர். ஆகவே பாக்கெட்டின் முன்புறம் முழுவதும் மனிதருக்காகவே எழுதப்படுகிறது. கேரட்டின் படம், பொன்னிறக் கோழித் துண்டின் படம், சிரிக்கும் நாய்க்குட்டியின் படம் ஆகியன எல்லாம் நமக்கானவை. உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சைத் துண்டுகளும் அவ்வாறே. நாயின் கண்ணுக்குச் சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறியும் ஆற்றல் இல்லை.

'இதைத்தான் விரும்பித் தின்கிறது' என்பது அடுத்து நாம் நம்பும் அளவுகோல். விருப்பம் ஊட்டச்சத்துக்குச் சான்றாகாது. உணவின் மேல் தெளிக்கப்படும் கொழுப்பும் சுவையூட்டியும் எந்த நாயையும் ஈர்க்கும். நம் வீட்டுக் குழந்தைகள் எண்ணெய்ப் பலகாரத்தை விரும்புவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

'தானியமில்லாதது' என்ற சொல்லைப் பெரிதாக அச்சிட்ட உணவுகள் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. ஓநாயின் வழித்தோன்றலுக்குத் தானியம் ஆகாது என்ற எண்ணமே அதன் பின்னணி. ஆனால் மனிதரோடு வாழத் தொடங்கிய காலத்தில் நாயின் மரபணுக்களும் மாறின. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணுப் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் மிகுதியாக உள்ளன என்று 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. தானியமில்லாத சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை வீக்க நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 முதல் ஆராய்ந்தது. காரணத் தொடர்பு உறுதிசெய்யப்படவில்லை. எனினும், அவ்வுணவுக்காகக் கூடுதல் பணம் தருவதற்கும் காரணம் இல்லை. அரிசியும் கேழ்வரகும் நம் நாய்களுக்குப் பகையல்ல.

புரதம் என்ற எண்

படித்த வாசகர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் புரத அளவைப் பார்ப்பார்கள். எண் கூடுதலாக இருந்தால் உணவு உயர்ந்தது என்று எண்ணுவார்கள். தோலோடு வாழும் நம் பகுதி மக்களுக்கு இந்த எண்ணின் குறையை விளக்குவது எளிது.

உணவிலுள்ள புரதத்தை அளக்க, 1883இல் ஜோஹன் கெல்டால் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பொருளிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதைக் கொண்டு புரதத்தைக் கணக்கிடுகிறது. பதனிட்ட தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். ஆம்பூரில் தயாராகும் ஒரு காலணியின் தோலைப் பொடியாக்கி இம்முறையில் சோதித்தால், மிக உயர்ந்த புரத அளவே கிடைக்கும். ஆனால் அதை எந்த நாயின் குடலாலும் செரிக்க இயலாது. எளிதில் மட்கிச் சிதையாமல் இருப்பதற்காகத்தானே தோலைப் பதனிடுகிறோம்?

இக்குறையைப் பயன்படுத்தி நடந்த மோசடி ஒன்று 2007இல் வட அமெரிக்காவையே உலுக்கியது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது. சோதனையில் புரத எண் உயர்ந்து காட்டியது. அதை உண்ட நாய்களும் பூனைகளும் சிறுநீரகங்களில் படிகங்கள் படிந்து மடிந்தன. அடுத்த ஆண்டே அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்பொடியில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர். பிராணிகளின் உணவில் நேர்ந்தது மனிதரின் உணவிலும் நேரக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று இல்லை.

ஆகவே எண்ணை மட்டும் நம்பலாகாது. தயாரிப்பாளர் யார், எந்த ஊரில் தயாரிக்கப்பட்டது, குறை நேர்ந்தால் யாரைத் தொடர்புகொள்வது என்ற விவரங்கள் தெளிவாக உள்ளனவா என்று பார்ப்பது, புரதத்தின் அளவைப் பார்ப்பதற்கு இணையான முக்கியத்துவம் உடையது.

பாக்கெட்டின் பின்புறத்தில் பார்க்க வேண்டியவை

முதலாவது, அது முழு உணவா, தின்பண்டமா என்பது. 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற தொடர் இருந்தால், வேறு உணவின்றி அதை மட்டுமே நாள்தோறும் கொடுக்கலாம் என்று பொருள். அத்தொடர் இல்லாதவை இடையிடையே கொடுப்பதற்கு மட்டுமே உரியவை. அமெரிக்க, ஐரோப்பிய தர அமைப்புகளின் அளவுகோலோ, நாய், பூனை உணவுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 11968 எண்ணோ குறிக்கப்பட்டுள்ளதா என்றும் காண்க.

இரண்டாவது, பிராணியின் பருவம். அமெரிக்க அளவுகோலின்படி, ஈரப்பதம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 விழுக்காடும் குட்டிக்கு 22.5 விழுக்காடும் புரதம் வேண்டும். வளர்ந்த பூனைக்கு 26 விழுக்காடு வேண்டும்.

மூன்றாவது, ஈரப்பதம். டின் உணவில் 8 விழுக்காடு புரதம், உலர் உணவில் 24 விழுக்காடு என்று கண்டதும் பின்னதே சிறந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டின் உணவில் 80 விழுக்காடு நீர். நீரைக் கழித்துக் கணக்கிட்டால் அதிலுள்ள புரதம் 40 விழுக்காடு. உலர் உணவில் நீர் 10 விழுக்காடு எனில், புரதம் ஏறத்தாழ 27 விழுக்காடுதான்.

நான்காவது, பூனையை நாயாகக் கருதக் கூடாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவு உற்பத்தி செய்வதில்லை. அது இறைச்சியிலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் பார்வையும் இதயமும் பழுதாகும் என்பது நிறுவப்பட்ட உண்மை. நாய் உணவையோ பால்சோற்றையோ மட்டும் தின்று வாழும் பூனை, பசியில்லாமல் பட்டினி கிடக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, தேதியும் பையின் நிலையும். பெரிய மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் உணவில் தயாரித்த நாளும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட மக்கள் மஞ்சள்காமாலையும் வயிற்று நீர்க்கோவையும் கண்டு இறந்தனர். அதே உணவைப் பகிர்ந்துண்ட நாய்களுக்கும் அதே நோய் வந்தது. அஃப்லடாக்சின் என்ற அந்தப் பூஞ்சை நஞ்சு மனிதக் கல்லீரல், நாயின் கல்லீரல் என்று பேதம் பார்ப்பதில்லை. 'நமக்கு ஆகாது, நாய்க்குப் போடலாம்' என்று ஒதுக்கும் கெட்டுப்போன சோளமும் வேர்க்கடலையும் நாய்க்கும் ஆகாதவையே.

வீட்டுச் சோறும் பிரியாணி எலும்பும்

வீட்டில் சமைத்த உணவையே கொடுக்க விரும்புவோர் பலர். அதைத் தவறென்று நாங்கள் கூறவில்லை. சில எச்சரிக்கைகள் மட்டும் வேண்டும்.

ஆம்பூர் பிரியாணி மிஞ்சினால் அது நாய்க்குப் போகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் அத்தன்மை மாறாது. நாயின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே தீங்கு செய்யப் போதுமானது. பூனைக்கு 5 கிராம் போதும். அதாவது 3 கிலோ எடையுள்ள பூனைக்குச் சின்ன வெங்காயம் இரண்டு மூன்று சேர்ந்தாலே ஆபத்து. சிறிது சிறிதாகத் தொடர்ந்து கொடுத்தாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். வெந்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். திராட்சை, உலர்திராட்சை ஆகியவை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் கூடாது.

வெறும் சோறும் கறியும் நாளடைவில் போதா. அவற்றில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் ஆராய்ந்தபோது, 95 விழுக்காடு குறிப்புகளில் ஏதேனும் ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. எனவே வீட்டுணவையே முழுமையாகக் கொடுப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டி, தேவையான சத்துக்கலவையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரல், நுரையீரல் போன்றவற்றைக் கொடுக்க விரும்பினால், துண்டுகளாக்கித் தண்ணீரில் இட்டுக் கொதிநிலையில் அரைமணி நேரம் வேகவைக்க வேண்டும். நீர்க்கட்டியிலுள்ள புழுக்கள் அதில் அழிந்துவிடும். கட்டி தென்படும் உறுப்பை வாங்கவே வேண்டாம். திடீரென இறந்துபோன மாட்டின், ஆட்டின் இறைச்சியை மனிதரும் உண்ணலாகாது, நாய்க்கும் போடலாகாது. ஆந்த்ராக்ஸ் போன்ற கொடிய நோயால் அது இறந்திருக்கக்கூடும்.

ஆலையிலிருந்து வரும் தோல் துண்டுகள்

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்களிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆலையிலிருந்து தோல் துண்டு ஏதேனும் நாய்க்காக வீட்டுக்கு வருகிறதா?

கடைகளில் நாய் மெல்லுவதற்கென விற்கும் தோல் எலும்பு, பதனிடப்படாத தோலின் உள்ளடுக்கிலிருந்து செய்யப்படுவது. மயிர் நீக்கி, கழுவி, சுண்ணாம்பை அகற்றி, உலர்த்தி உருவாக்கப்படுகிறது. ஆலையில் வெட்டி ஒதுக்கப்படும் துண்டு அத்தகையதன்று. சுண்ணாம்புக் குழியிலிருந்து வந்த துண்டில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் ஊறியிருக்கும். அவை வாயையும் உணவுக்குழலையும் புண்ணாக்கும். நீலநிறத் துண்டில் குரோமியம் ஏறியிருக்கும். இரண்டுமே நாயின் வாய்க்கு உரியவை அல்ல. அவற்றை எடுத்து விளையாடும் குழந்தையின் கைக்கும் உரியவை அல்ல.

கடையில் வாங்கும் தோல் எலும்பும் உணவன்று. பெரிய துண்டை நாய் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். நாயின் வாயைவிடப் பெரியதாக வாங்கி, நாம் அருகில் இருக்கும்போது மட்டும் கொடுத்து, சிறிதானதும் எடுத்துவிட வேண்டும். அதைத் தொட்ட கையைப் பச்சை இறைச்சி தொட்ட கையாகவே கருதிக் கழுவ வேண்டும்.

நோயாளி இருக்கும் வீட்டில்

புற்றுநோய்க்கு மருந்து பெறுபவர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர், கல்லீரல் சுருக்கம் உள்ளவர், கருவுற்றவர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை ஆகியோருள் ஒருவரேனும் இருக்கும் வீட்டில், பிராணிக்குப் பச்சை இறைச்சியும் பச்சை முட்டையும் அறவே வேண்டாம். பச்சை இறைச்சி தின்னும் பூனை, கருவிலுள்ள சிசுவைத் தாக்கும் டாக்சோபிளாஸ்மா கிருமியை மலத்தில் வெளியேற்றக்கூடும். பூனையின் கழிவை நாள்தோறும் அகற்ற வேண்டும். அதை நோயாளியோ கருவுற்றவரோ செய்யக் கூடாது.

உலர் உணவும் முற்றிலும் கிருமியற்றது என்று எண்ணிவிடக் கூடாது. 2006 முதல் 2008 வரை அமெரிக்காவில் உலர் நாய் உணவின் வழியாகச் சால்மொனெல்லா கிருமி பரவி, 21 மாநிலங்களில் 79 பேர் நோயுற்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இரண்டு வயதைத் தாண்டாத குழந்தைகள். பிராணிக்குச் சமையலறையில் உணவிட்ட வீடுகளில் பாதிப்பு மிகுதியாக இருந்தது. ஆகவே நாயின் தட்டைச் சமையலறைக்கு வெளியே வையுங்கள். உணவை அள்ளத் தனிக் கரண்டி இருக்கட்டும். தட்டை வீட்டுப் பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவாதீர்கள். உணவிட்டபின் சோப்பு போட்டு இருபது விநாடியாவது கைகளைக் கழுவுங்கள்.

நாய்க்கு நாடாப்புழுவை அழிக்கும் பிரசிகுவான்டெல் மருந்தைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி ஆண்டுக்கு நான்கு முறையேனும் கொடுக்க வேண்டும். மருந்து கொடுத்த பின் சில நாட்கள் வெளியேறும் மலத்தைக் கையுறை அணிந்து எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியும் ஆண்டு தவறாமல் போடப்பட வேண்டும்.

செலவு

சிகிச்சைச் செலவால் நலிந்த குடும்பத்திடம் விலையுயர்ந்த பிராணி உணவை வாங்கச் சொல்வது முறையாகாது. நாங்கள் அவ்வாறு சொல்வதும் இல்லை. விலையைக் கிலோ கணக்கில் பார்க்காமல் நாள் கணக்கில் பார்க்குமாறு மட்டும் கூறுகிறோம். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 630 கலோரி வேண்டும். 100 கிராமில் 350 கலோரி உள்ள உணவாயின் 180 கிராம் தேவைப்படும். 420 கலோரி உள்ளதாயின் 150 கிராம் போதும். முதலாவது உணவின் 3 கிலோ பை 750 ரூபாய் என்றும் இரண்டாவது 840 ரூபாய் என்றும் கொள்வோம். முதற்பை 16 நாட்களைத் தாண்டியதும் தீர்ந்துவிடும். நாள் செலவு 45 ரூபாய். இரண்டாவது பை 20 நாள் வரும். நாள் செலவு 42 ரூபாய். விலை கூடியதாகத் தோன்றியதே உண்மையில் சிக்கனமானது.

அதுவும் இயலாதவர்கள், நன்கு வேகவைத்த சோறு, முட்டை அல்லது கறி, வெங்காயம் சேராத காய் ஆகியவற்றோடு கால்நடை மருத்துவர் தரும் சத்துக்கலவையைச் சேர்த்துக் கொடுக்கலாம். எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல், ஏழு முதல் பத்து நாட்களில் பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டிச் செல்ல வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட குடும்பம் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தது. கடை உணவு கட்டுப்படியாகவில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை ஈரலைத் தனிப் பாத்திரத்தில் கடிகாரம் பார்த்து வேகவைத்தே போடுவதாகவும் அந்த அம்மாள் கூறினார். முதலிரண்டு வாரம் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டதாம், பிறகு பழகிவிட்டதாம். அனைவருக்கும் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். சிறுவனின் கல்லீரலில் கட்டி ஏதும் இல்லை. வீட்டு நாட்காட்டியில் அப்பாவின் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் கீழே, நாயின் அடுத்த புழு மருந்துத் தேதியையும் தானே எழுதி வைத்திருப்பதாக அவன் எங்களிடம் சொன்னான்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அது என்ன சாப்பிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாயை எங்கே விடுவது என்ற கேள்வி பல வீடுகளில் அதன்பின் எழாமலே போகும்.